ஆமைக்காகப் பின்பாலை வேகமாக்கிய நரி

ஒரு காட்டில் ஒரு நரி இருந்தது. இப்படி ஆரம்பிக்கும் கதைகளில் நரிதான் எல்லாரையும் ஏமாற்றும். இந்தக் கதையில் நரி யாரையும் ஏமாற்றவில்லை. மற்றவர்கள் தாங்களாகவே நம்பினார்கள். அந்த நரி நான்தான். பெயர் மதியழகன். பெயர் வைக்கும்போது என் அம்மா கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள்.

எங்கள் காட்டுக்கும் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள காட்டுக்கும் நடுவில் ஒரு குளம் உண்டு. மழைக்காலத்தில் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கோடை வந்துவிட்டால், காலையில் முதலில் போகிறவர்களுக்குத் தண்ணீர். பிறகு போகிறவர்களுக்குச் சேறு. முன்பெல்லாம் இதற்காகக் கொம்பாலும் பல்லாலும் மோதிக்கொண்டார்கள். ஒரு கோடையில் மோதல் முடிந்து பார்த்தபோது, தண்ணீர் குடிக்கப் பாதிப் பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு காடும் உட்கார்ந்து பேசி, இரத்தம் சிந்தாத ஒரு வழியைப் பிடித்தன.

மலையடிவாரத்தில் காட்டு இலாகா கைவிட்டுப் போன பங்களா ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர். கூரையில் சோலார் தகடு, இரவுக்கு ஒரு பேட்டரி. அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த ஒரே விளையாட்டு பின்பால். திரையில் சரிவான ஒரு மேசை தெரியும். மேலிருந்து இரும்புக் குண்டு ஒன்று உருண்டு வரும். கீழே இரண்டு குட்டி மட்டைகள். பட்டனைத் தட்டினால் மட்டை குண்டை மேலே அடிக்கும். மேலே இருக்கும் மணிகளில் குண்டு மோத மோதப் புள்ளி ஏறும். மட்டைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் விழுந்தால் போச்சு. கோடை தொடங்கும்போது காட்டுக்கு ஒருவர் ஆட வேண்டும், அதிகப் புள்ளி எடுத்த காட்டுக்கு அந்தக் கோடை முழுக்கக் காலையில் குளத்தில் முதல் முறை என்பது ஒப்பந்தம்.

எங்கள் பக்கம் ஆடுபவர் பவளக்கொடி அக்கா. அவர் ஆமை. போன வருஷம் ஜெயித்துக் கொடுத்தவர் அவர்தான். அந்தப் பெருமை ஓட்டுக்குள் அடங்காமல் கழுத்தோடு சேர்ந்து வெளியே நீண்டிருக்கும்.

இந்த வருஷம் பயிற்சிக்குப் போன முதல் நாளே அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"தம்பி மதியழகா, இந்த மெஷின் ரொம்ப மெதுவா இருக்கு. என் வேகத்துக்கு ஈடு கொடுக்க மாட்டேங்குது" என்றார்.

ஒரு ஆமை இதைச் சொன்னபோதே நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். ஆனால் என்னிடம் ஒருவர் கம்ப்யூட்டர் பற்றிக் கேட்டுவிட்டால் யோசிக்கிற பாகம் எனக்கு வேலை செய்யாது.

நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பங்களாவின் பின்பக்கக் குப்பையில் ஒரு கையேடு கிடந்தது. நல்ல பசி. பாதியைத் தின்றேன், மீதியைப் படித்தேன். முக்கியமான விஷயமெல்லாம் தின்ற பாதியில் இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் காட்டில் வேறு யாரும் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. அதனால் நான் நிபுணன்.

"அக்கா, இது பெர்ஃபாமன்ஸ் பிரச்சினை" என்றேன்.

"அப்படின்னா?"

"மெதுவா இருக்குன்னு அர்த்தம்."

"அதைத்தானே நானும் சொன்னேன்!"

"நீங்க சாதாரணமா சொன்னீங்க. நான் முறையா சொல்றேன்."

எங்கள் தலைவர் தொந்திமுத்து என்கிற கரடி. அவர் பக்கத்தில் நின்று தேனடை சப்பிக்கொண்டு கேட்டார். "சரி செய்ய முடியுமாப்பா? இந்தத் தடவை தோத்தா மான்குட்டிங்க தாங்காது."

"பறக்க வெச்சுடறேன் தலைவரே" என்றேன். சொன்னபடியே செய்தேன் என்பதுதான் என் கஷ்டம்.

முதலில், விளையாட்டுக்குச் சம்பந்தமில்லாமல் பின்னால் ஓடிக்கொண்டிருந்ததையெல்லாம் நிறுத்தினேன். பிறகு குண்டின் நிழலை எடுத்தேன். மணிகள் மின்னுவதை எடுத்தேன். மேசையின் பளபளப்பை எடுத்தேன். கொஞ்சம் வேகம் கூடியது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கை துறுதுறுத்தது. விளையாட்டின் உள்ளே எழுதி வைத்திருந்ததைத் திறந்து படித்தேன். குண்டை நகர்த்து, கொஞ்சம் நில், குண்டை நகர்த்து, கொஞ்சம் நில் என்று போய்க்கொண்டே இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. எவன் இவன், சும்மா நில் நில் என்று எழுதி வைத்திருக்கிறான்? மெதுவாக ஓடாமல் என்ன செய்யும்? நில் என்று கண்ட இடத்தையெல்லாம் அழித்தேன். அக்கம்பக்கத்திலும் புரியாத வரிகள் இருந்தன. புரியாதது எதற்கு என்று அவற்றையும் அழித்துச் சேமித்தேன்.

அக்கா வந்து உட்கார்ந்தார். தலைவர் வந்து நின்றார். ஆட்டத்தைத் தொடங்கினேன்.

'டிங்' என்று ஒரு சத்தம். ஆட்டம் முடிந்துவிட்டது.

குண்டு வந்ததை யாரும் பார்க்கவில்லை. போனதையும் பார்க்கவில்லை. அக்கா பட்டனை அழுத்த விரலைத் தூக்கியிருந்தார். விரல் இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது.

"வேகம் எப்படி?" என்று தலைவர் கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார். வேகம் போதவில்லை என்று சொன்னவர் அவர். பறக்க வைக்கிறேன் என்றவன் நான்.

"இப்பதான் ஆடற மாதிரி இருக்கு" என்றார் அக்கா.

"பழகணும், அவ்வளவுதான்" என்றேன் நான்.

தலைவர் திருப்தியாகத் தேனடையோடு போய்விட்டார்.

பழக்கம் என்று அக்கா தினமும் பங்களாவுக்கு வந்தார். தினமும் 'டிங்', 'டிங்' என்று சத்தம் கேட்கும். பிறகு அதுவும் நின்றது. ஒரு காலையில் போய்ப் பார்த்தால், கம்ப்யூட்டருக்கு முன்னால் வெறும் ஓடு மட்டும் இருந்தது. தலை, கால் எதுவும் வெளியே இல்லை.

"அக்கா" என்று கூப்பிட்டேன்.

ஓட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "எனக்கு வயசாயிடுச்சு தம்பி. கண்ணு தெரியல. குண்டு எங்க வருதுன்னே தெரியல. தலைவர்கிட்ட சொல்லிடு. வேற யாரையாவது ஆடச் சொல்லட்டும்."

 அவர் கண்ணில் எந்தக் குறையும் இல்லை. அந்தக் குண்டைக் கழுகாலும் பார்க்க முடியாது.

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான்தான் கெடுத்துட்டேன்" என்றேன்.

மெதுவாகத் தலை வெளியே வந்தது. "என்னது?"

"ரொம்ப வேகமாக்கிட்டேன் அக்கா."

"நெசமா? என் மேல தப்பில்லையா?"

"இல்லை."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அழுதார். நிம்மதியில் அழுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அழுது முடித்ததும் திட்டினார். ஆமை திட்டினால் சீக்கிரம் முடியாது.

"சரி, பழையபடி ஆக்கு" என்றார் கடைசியில்.

அங்கேதான் சிக்கல். எங்கெங்கே கை வைத்தேன் என்று எனக்கே நினைவில்லை. நில் என்பதை எந்தெந்த இடத்தில் திரும்ப எழுதுவது, எவ்வளவு நேரம் நிற்கச் சொல்வது, ஒன்றும் தெரியவில்லை. ஓர் இடத்தில் எழுதிப் பார்த்தேன். குண்டு பின்னோக்கி உருண்டது. இன்னோர் இடத்தில் எழுதினேன்; மட்டைகள் தாமாகவே எதையோ அடித்துக்கொண்டிருந்தன. எழுதியதையெல்லாம் மறுபடி அழித்தேன்.

விளையாட்டை மெதுவாக்கத் தெரியாததால் கம்ப்யூட்டரையே மெதுவாக்குவது என்று முடிவு செய்தேன். இதற்கு அறிவு தேவையில்லை. யாரோ கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்த ஒரு மயிலின் கல்யாண வீடியோவை ஓடவிட்டேன். அது ஓடும்போதே யானைக் கூட்டத்தின் குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் திறந்தேன். கால்குலேட்டரைத் திறந்து, முடிவே இல்லாத ஒரு வகுத்தல் கணக்கைக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் முனக ஆரம்பித்தது. குண்டு கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் இரண்டு வீடியோ சேர்த்தேன். குண்டு பழையபடி ஆடி அசைந்து உருண்டு வந்தது. அக்கா பட்டனைத் தட்டினார். குண்டு மேலே போய் மணியில் மோதியது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

போட்டி நாள் வந்தது. யாரும் வருமுன்பே வீடியோக்களையும் படங்களையும் கணக்கையும் மறுபடி ஓடவிட்டு வைத்தேன். நடுவர், ஒவ்வொரு கோடையிலும் வெளியூரிலிருந்து பறந்து வரும் கூழைக்கடா அம்பலவாணர். எந்தக் காட்டையும் சேராதவர் என்பதால் அவர் சொல்வதுதான் முடிவு. அந்தப் பக்கத்துக்கு ஆட வந்தது வீரபாகு என்கிற சிறுத்தை. போன வருஷம் அவசரப்பட்டுக் குண்டு வருமுன்னே அடித்துத் தோற்றவன். இந்த வருஷம் நத்தைகளோடு தங்கிப் பொறுமை பழகிவிட்டு வந்திருந்தான்.

அவன் முதலில் ஆடினான். குண்டு வரும்வரை காத்திருந்தான், வந்ததும் அடித்தான்.  அவன் எழுந்தபோது திரையில் இருந்த புள்ளியைப் பார்த்துத் தலைவர் தேனடையைக் கீழே போட்டுவிட்டார்.

பவளக்கொடி அக்கா உட்கார்ந்தார். கழுத்து நீண்டது. அப்படி ஓர் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. ஒரு தடவைகூட அவர் குண்டை அவசரமாக அடிக்கவில்லை. புள்ளி ஏறிக்கொண்டே போனது. இன்னும் கொஞ்சம்தான் வேண்டும். அப்போது குண்டு ஒரு மணியில் பட்டுத் திரும்பி, இரண்டு மட்டைகளுக்கும் சரியாக நடுவில், நேராகப் பள்ளத்தை நோக்கி இறங்கியது. இந்தப் பக்க மட்டையும் எட்டாது, அந்தப் பக்க மட்டையும் எட்டாது. மான்கள் கண்ணை மூடிக்கொண்டன.

குண்டு நின்றது.

பள்ளத்தின் வாயில், விழாமல், அப்படியே நின்றது. கல்யாண வீடியோவில் மயில் தோகையைப் பாதி விரித்தபடி நின்றது. கால்குலேட்டர் நின்றது. திரையில் ஒரு சிறிய மணற்கடிகாரம் வந்தது.

"விழுந்துடுச்சு!" என்று வீரபாகு குதித்தான்.

"விழலையே" என்றார் அம்பலவாணர், அலகைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து. "தொங்கிட்டுல்ல இருக்கு. யாரங்கே, நிபுணரைக் கூப்பிடு."

நான் போனேன். 

"கம்ப்யூட்டர் என்ன செய்யுது?"

"யோசிக்குது ஐயா."

"எப்ப யோசிச்சு முடிக்கும்?"

"அது அதோட மனசு."

"அணைச்சுட்டுத் திரும்பப் போட்டா?"

"தாராளமா போடலாம். ஆனா ரெண்டு பேர் புள்ளியும் அழிஞ்சுடும். முதல்ல இருந்து ஆடணும்."

வீரபாகு பாய்ந்து வந்து அணைக்கும் பட்டனுக்குக் குறுக்கே நின்றான். "எவனாவது அணைச்சீங்க, கடிச்சுடுவேன். நான் எடுத்த புள்ளி இது. குண்டு விழற வரைக்கும் நான் இங்கேயேதான் இருப்பேன்."

அம்பலவாணர் தொண்டைப் பையை ஆட்டிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு தீர்ப்பு சொன்னார். "குண்டு விழுந்தால்தான் ஆட்டம் முடியும். ஆட்டம் முடிந்தால்தான் முடிவு. புது முடிவு வரும்வரை போன வருஷ முறையே தொடரட்டும்."

எங்கள் காடு அதிரும்படி ஆரவாரம் எழுந்தது. தலைவர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "நம்ம நரிதான்யா பெர்ஃபாமன்ஸை ஏத்திக் கொடுத்தது!"

கோடை முழுக்கக் குண்டு விழவில்லை. கோடை முழுக்க வீரபாகு திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். சில நாள் கழித்து அக்கா என்னிடம் சுரைக்குடுக்கையில் தண்ணீர் மொண்டு அவனுக்குக் கொண்டுபோகச் சொன்னார். நான் தயங்கினேன்.

"எடுத்துட்டுப் போடா. நடுவுல வந்த குண்டை எவனாலயும் அடிக்க முடியாது. அவன் ஜெயிச்சவன்."

"இதை நடுவர்கிட்ட சொல்லலாமே அக்கா?"

அவர் குளத்தின் பக்கம் பார்த்தார். மான்குட்டிகள் முழங்கால்வரை இறங்கிக் குடித்துக்கொண்டிருந்தன. "சொல்லலாம்" என்றார். ஆனால் சொல்லவில்லை. அன்றிலிருந்து எங்கள் முறை முடிய நேரம் இருக்கும்போதே, "போதும், போதும், கரையேறுங்க" என்று எல்லாரையும் விரட்டினார். அந்தப் பக்கத்துக் குட்டிகளுக்கும் சேறாவதற்கு முன் கொஞ்சம் கிடைத்தது. ஏன் விரட்டுகிறார் என்று தலைவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

மழை வந்தது. வெயில் இல்லாமல் சோலார் தகடு செத்தது, பேட்டரியும் தீர்ந்தது. திரை அணைந்தது. குண்டு, மணி, வீரபாகுவின் புள்ளி எல்லாம் ஒன்றாகப் போயின. அவன் கொஞ்ச நேரம் கறுப்புத் திரையையே பார்த்துவிட்டு, சோம்பல் முறித்து, மழையில் நடந்து போனான். குளம் நிரம்பி வழிந்தது. இனி அடுத்த கோடைவரை யாருக்கும் அது வேண்டாம்.

எனக்குத் 'தலைமை வேக அதிகாரி' என்று பதவி கொடுத்தார்கள். இன்று காலை அந்தப் பக்கத்துக் காட்டிலிருந்தும் ஆள் வந்தது. அங்கே யார் நாட்டாமை என்று ஒரு பெரிய வழக்கு நடக்கிறதாம்; நாளைக்கே தீர்ப்பு வந்துவிடுமாம். நான் வந்து எப்படியாவது வேகப்படுத்திக் கொடுக்க வேண்டும் என்று, இப்போது நாட்டாமையாக இருப்பவரே கேட்டனுப்பியிருக்கிறார்.

நீதி: வேலையை முடித்தால்தான் ஜெயித்தாயா தோற்றாயா என்று கேட்பார்கள், ஆகவே குழந்தைகளே, எதையும் முடித்துவிடாதீர்கள்.