கோபுரத்துப் பசுவின் புது பெல்ட்

என் இடுப்பு நிமிர மறுக்கிறது. இது சாதாரண வலி அல்ல. ஒரு பண்பாட்டையே தூக்கிய வலி. தன் முட்டாள்தனத்தை முறைப்படி கூட்டம் போட்டுக் கொண்டாடும் பெருமை உலகில் எங்கள் காம்பென் நகரத்துக்கே உண்டு.

அந்தக் காலத்தில் கோபுர உச்சியில் புல் முளைத்ததாம். வீணாகிவிடக் கூடாதென்று எங்கள் முன்னோர் ஒரு பசுவின் கழுத்தில் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். பசுவுக்கு மூச்சு முட்டி நாக்குத் தள்ளியது. "பாத்தீங்களா, இப்பவே புல்லுக்கு நாக்கை நீட்டுது!" என்று கீழே கைதட்டினார்கள். அந்த அறிவின் நினைவாகக் கோடைதோறும் ஒரு பிளாஸ்டிக் பசுவை அங்கே தொங்கவிடுகிறோம். உச்சிச் சாளரத்தில் நின்று கயிறு இழுப்பவன் நான். வெளியே தொங்கிக்கொண்டு பசுவைக் கொக்கியில் மாட்டுபவன் எக்பர்ட்.

இந்த வருடம் 'பசு நலக் குழு' அவசரமாகக் கூடியது. பசுவைக் கட்டித் தொங்கவிடும் பெல்ட் அதன் வயிற்றை அழுத்துவதாக ஒரு சுற்றுலாப் பயணி எழுதியிருந்தார். மூன்று மணி நேரம் விவாதம். காப்பியோடு ஆளுக்கு ஒரே ஒரு பிஸ்கட். கால்நடை மருத்துவர் பசுவின் வயிற்றைத் தட்டிப் பார்த்து, "உள்ள காலியாத்தான் இருக்கு" என்றார். அனைவரும் வருந்தினோம். மெத்தென்ற தோல் பெல்ட் வாங்கித்தரத் தீர்மானமாயிற்று.

நான் எழுந்தேன். "மேடம், எக்பர்ட் கட்டிக்கிட்டுத் தொங்குற பெல்ட்டும் தையல் விட்டுப்போச்சு."

தலைவி ஹில்லெகோண்டா அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "லுபெர்ட், இது பசுவுக்கான கூட்டம். மனுஷங்க 'இதர விஷயங்கள்'ல வருவாங்க."

'இதர விஷயங்கள்' வருமுன் நேரம் முடிந்துவிட்டது.

"ரெண்டு கொம்பு வச்சுக்கிட்டுப் போனா எனக்கும் குடுப்பாங்களாடா?" என்றான் எக்பர்ட்.

"போடா, வால் எங்கன்னு கேப்பாங்க."

விழா நாளில் சதுக்கம் நிறைய ஜனம். எக்பர்ட் பசுவைக் கொக்கியில் மாட்டினான். அவன் பெல்ட் அறுந்தது. பசுவின் புது பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான். முகம் சிவந்தது, நாக்கு வெளியே வந்தது.

கீழே ஒரே கைதட்டல். "பாத்தீங்களா, புல்லுக்கு நாக்கை நீட்டுறான்!" அம்மையார்தான் கடைசிவரை தட்டினார்.

சாளரம் வழியாகக் குனிந்து, அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உள்ளே இழுத்தேன். என் இடுப்பு பிடித்துக்கொண்டது அப்போதுதான். தரையில் கிடந்து மூச்சு வாங்கியவன் முதலில் சொன்னது: "நல்ல பெல்ட்டுடா."

குழுவும் அதையேதான் குறிப்பேட்டில் எழுதியது: 'புது பெல்ட் எதிர்பார்த்ததற்கு மேலான எடையைத் தாங்கியது. பெருவெற்றி.'

கோடை முடிந்ததும் பசுவை இறக்க வேண்டும். எக்பர்ட்தான் வெளியே தொங்குவான். பசுவுக்குக் குழு எதுவும் பாக்கி வைக்கவில்லை. எக்பர்ட்டுக்கு ஒரு பெல்ட் பாக்கி.