நீர்க்காக்காவும் கிருமியும்

"இனிமே தகரம் தட்டற வேலை கிடையாது, வேம்புலி. வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு வா," என்றார் டாக்டர்.

ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கிய நாளிலிருந்து, முகாமின் குடிதண்ணீர்க் குளத்தில் நீர்க்காக்கா உட்காராமல் தகரம் தட்டி விரட்டுவதுதான் வேம்புலியின் பிழைப்பு. அதை விட்டால் சோற்றுக்கு எங்கே போவது?

"நான் இன்னா தப்பு பண்ணேன், எசமான்?"

"உன் தப்பில்லைப்பா. சிப்பாய்களுக்கு வயித்துப்போக்கு வர்றது காக்காவாலே இல்லை, கிருமியாலே. தண்ணியிலே பவுடர் போடப்போறோம்."

பாவம், மனுஷன் நேரே கம்பவுண்டர் எத்திராஜிடம் ஓடினான்.

"அண்ணாத்தே, கிருமின்றது நீர்க்காக்கா மாதிரி முட்டை வுடுமா?"

"இல்லப்பா. ஒண்ணு ரெண்டா பிரியும், ரெண்டு நாலா ஆவும்."

"ரெக்கை கீதா?"

"கெடயாது."

"மீன் துன்னுமா?"

"துன்னாது."

"தகரம் தட்டினா?"

"அதுக்குக் காதே இல்லையே!"

வேம்புலிக்குத் தெம்பு வந்துவிட்டது. டாக்டரிடம் திரும்பிப் போனான்.

"ரெக்கை இல்ல, மூக்கு இல்ல, ஒரு மீனு புடிக்கத் துப்பில்ல. காக்காவுக்கு முன்னாடி அதெல்லாம் ஒரு எதிரியா, எசமான்?"

டாக்டர் சிரித்தேவிட்டார். "சரி, குளத்திலே ஒரு காக்காவைக் காட்டு, பார்க்கலாம்."

காட்டுவதற்குக் காக்கா எங்கே? அத்தனையையும் விரட்டித் தொலைத்தவன் அவன்தானே! தகரத்தை ஒளித்து வைத்துவிட்டு இரண்டு நாள் காத்துக் கிடந்தான். ஒரு கொக்குகூட எட்டிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் பருத்திப்பட்டு ஏரியில் வலை போட்டு, குடம் குடமாக உயிர்க்கெண்டை கொண்டுவந்து குளத்தில் விட்டான். அவ்வளவுதான், உச்சிப்பொழுதுக்குள் நாற்பது நீர்க்காக்கா வந்து இறங்கின. இப்போது தட்டினான், கத்தினான், இடுப்பளவு தண்ணீரில் இறங்கியே துரத்தினான். கல்யாணப் பந்தியை விட்டு எது எழுந்து போகும்? சிப்பாய்கள் கரையில் நின்று விசில் அடித்தார்கள்.

டாக்டர் வந்து பார்த்தார். "நீ சொன்னது சரிதான் வேம்புலி. உன்னை விட்டால் இதுக்கு ஆளில்லை. பழைய வேலையிலேயே இரு."

சொட்டச் சொட்ட நனைந்த துணியோடு எத்திராஜிடம் குதித்துக்கொண்டு வந்தான் வேம்புலி.

"என் வேலை தப்பிச்சிச்சி, அண்ணாத்தே!"

எத்திராஜ் தலையில் அடித்துக்கொண்டான். "அடப்பாவி! பவுடர் போடற வேலைக்கு, ரெட்டைச் சம்பளத்துல, உன் பேரத்தான்டா எழுதி வச்சிருந்தாரு; இப்பத்தான் வந்து அடிச்சிட்டுப் போறாரு!"