விருமாண்டியின் விரல் நகரவில்லை

செக்கானூரணிக்குப் பெண் பார்க்க வந்த அழகுபாண்டி, மாமியாராகப் போகிறவரைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டான்.

வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். பசுமலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் வாத்தியார். நட்சத்திரங்களின் தூரத்தை எப்படி அளக்கிறார்கள் என்று மறுநாள் பாடம் நடத்த வேண்டும். கூட வந்த பெரியப்பா சிவனாண்டி கை கழுவப் போன நேரம், கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி, அப்புறம் மறு கண்ணை மூடி ஒத்திகை பார்த்தான். கேசரித் தட்டோடு பெண்ணின் அம்மா ஜெயக்கொடி வந்து நின்றது சரியாக அந்த விரலுக்கு நேரே.

"என்னங்க! மாப்ள என்னையப் பாத்துக் கண்ணடிக்கிறாரு!"

பெண்ணின் அப்பா விருமாண்டி மீசையை நீவிக்கொண்டே வந்தார். "யாரப் பாத்துய்யா கண்ணடிச்ச?"

"நட்சத்திரத்த, மாமா."

"சாயங்காலம் அஞ்சு மணிக்கா?"

"கண்ணுல ஏதோ கோளாறு போலங்க," என்று ஜெயக்கொடி கணவர் காதில் கிசுகிசுத்தது தெருவுக்கே கேட்டது.

அழகுபாண்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. எதிர்ச்சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரின் பொடி எழுத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே கணீரென்று வாசித்தான்.

"ஞாயிறு. ராகு காலம் நாலரை முதல் ஆறு வரை."

எல்லார் கண்ணும் கடிகாரத்துக்குப் போனது. நாலு மணிக்கு வரவேண்டியவர்கள் பஸ் கிடைக்காமல் பிந்தி வந்ததைப் பெரியப்பா அதுவரை பேச்சுக்கொடுத்தே மறைத்திருந்தார். "ஏழரைய இழுத்து விட்டுட்டான்," என்று தலையில் கைவைத்தார்.

சமையலறைக் கதவோரம் களுக்கென்று ஒரு சிரிப்பு. தாமரைச்செல்வி! போட்டோவில் பார்த்ததைவிட நன்றாக இருந்தாள். இந்தப் பெண்ணை விட்டுவிடக் கூடாது என்று அழகுபாண்டி அந்த நொடியே முடிவு செய்துவிட்டான். அதனால் மறுபடி வாயைத் திறந்தான்.

"மாமா, நீங்களே விரல நீட்டிப் பாருங்க. ரெண்டு கண்ணும் வேற வேற எடத்துல இருந்து பாக்குது. மாத்தி மாத்தி மூடுனா விரல் தள்ளிப் போற மாதிரி தெரியும். பூமி சூரியனச் சுத்துறப்ப நட்சத்திரமும் இப்படித்தான் தெரியுது. எம்புட்டு நகருதோ, அத வச்சு தூரத்தக் கண்டுபிடிச்சிரலாம்."

விருமாண்டி விரலை நீட்டினார். ஒரு கண்ணை மூடினார். மாற்றி மூடினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நகரலையே."

"இன்னும் கிட்டக்க கொண்டுவாங்க மாமா."

விரல் மூக்குவரை வந்தது. "ஆணி அடிச்சாப்புல அங்கனயே நிக்கிது."

"நகராம இருக்காது மாமா. எல்லாருக்கும் நகரும்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?" விருமாண்டி வேட்டியை மடித்துக் கட்டினார். "ராகு காலத்துல வந்து, எம் பொண்டாட்டியப் பாத்துக் கண்ணடிச்சு, என்னையவும் பொய்யனாக்குறவனுக்குப் பொண்ணு கெடையாது!"

அழகுபாண்டிக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. பெரியப்பா செருப்பைத் தேடினார். ஆனால் விருமாண்டிக்குக் கோபம் வேறு, மரியாதை வேறு. சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

"வந்தவுகள பஸ்ஸுக்கு நிக்க விட்டா ஊரு சிரிக்கும். வாங்க, நம்ம மெட்டடார் வேன்ல நானே மதுரை காளவாசல்ல எறக்கி விடுறேன்."

அழகுபாண்டி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு படியிறங்கினான். பின்னாலிருந்து தாமரைச்செல்வியின் குரல் பதறிக்கொண்டு வந்தது.

"ஏங்க, நம்ம கல்யாணம் வரைக்கும் உசுரோட இருக்கணும்னா அந்த வண்டியில ஏறாதீங்க! அப்பாவுக்கு வலது கண்ணு சுத்தமாத் தெரியாது!"