மூஞ்சி இல்லாத காரும் மல்லிகாவும்

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. என் காருக்கு மூஞ்சி தேடிக் கொண்டுவர வேண்டும்.

மூஞ்சி என்றால் முன்பக்க கிரில். ரேடியேட்டரை மறைத்துக்கொண்டு, பல்லைக் காட்டுகிற மாதிரி இருக்குமே, அதுதான். நான் வாங்கிய காரில் அது இல்லை. அந்த இடத்தில் யாரோ ஜன்னலுக்கு அடிக்கிற கொசுவலையை அடித்து வைத்திருந்தார்கள்.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் வயசுக்குக் கிட்டத்தட்ட வயசான சீமைக் கார். யாரோ ஒரு புண்ணியவான் கூரையை வெட்டி எறிந்துவிட்டு, ஒரு ஜீப் இஞ்சினை உள்ளே தூக்கி வைத்து, புகைக்குழாயை இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி நீட்டிவிட்டிருந்தார். பேரன் வீடியோ காலில் பார்த்துவிட்டு, "தாத்தா, இது ஹாட் ராட்" என்றான். வெளிநாட்டில் பழைய காரை இப்படித்தான் வெட்டிக் குறைத்துப் பறக்க விடுவார்களாம்.

எங்கள் தெருவில் அதற்கு மொட்டைக் கார் என்று பேர்.

கடைசியாக அதை வைத்திருந்தவர் திண்டுக்கல்லில் மைக்செட் போடுகிறவர். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் ஊர்வலத்தின் நடுவில் வண்டி நின்றுபோய், மாலையும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளையே இறங்கித் தள்ளும்படி ஆகிவிட்டது. மறுநாள் என்னிடம் விற்றுவிட்டார்.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவன். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் பிரித்தே படித்தேன். அதனால், பிரித்துப் பார்த்தால் உலகத்தில் எதுவும் விளங்கிவிடும் என்று ஒரு திமிர் உண்டு. என் சம்சாரம் சரோஜா இருந்தவரை அந்தத் திமிருக்கு ஒரு ஸ்விட்ச் இருந்தது. அவள் போன பிறகு அதை அணைக்க ஆளில்லை.

இந்தக் காரைச் சரிபண்ணி, பானட்டில் அவள் பேரை எழுத வேண்டும் என்பதுதான் திட்டம். கொசுவலை மூஞ்சிக்கு மேல் பெண்டாட்டி பேரை எழுத மனசு வரவில்லை. ஆகவே கிரில் வேண்டும். அது பழைய சொந்தக்காரர் யாரிடமாவது இருக்க வேண்டும்.

பழைய சொந்தக்காரர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

சுரண்டித்தான்.

மரியதாஸ் என்று ஒரு டிங்கர். காரின் நசுங்கலை நிமிர்த்துவதில் கில்லாடி. வாயைத் திறந்தால் நிமிர்ந்ததெல்லாம் நசுங்கும். அவன்தான் பானட்டைச் சுரண்டினான். மேலே இருந்தது மைக்செட்காரரின் வெள்ளை. அதற்குக் கீழே மஞ்சள். அதில் 'சௌந்தரராஜப் பெருமாள் துணை'. அதற்குக் கீழே கெட்டியான பச்சை. அதில் 'பழனியாண்டவர் துணை'. பச்சை லேசில் வரவில்லை. சுரண்டிச் சுரண்டி மரியதாஸுக்குத் தோள் இறங்கிவிட்டது.

பச்சைக்குக் கீழே சிவப்பு. அதில் வளைத்து வளைத்து 'மல்லிகா'. சுற்றி ஒரு மல்லிகைச் சரம் வேறு.

நான் உடனே கணக்குப் போட்டேன். ஒரு பெயிண்டுக்கு ஒரு சொந்தக்காரர். மஞ்சள், அந்தப் பெருமாள் கோயில் இருக்கிற தாடிக்கொம்பு ஆள். பச்சை, பழனிப் பக்கத்து ஆள். சிவப்பு, முதல் சொந்தக்காரர், மல்லிகா என்ற அம்மா. அந்தக் காலத்திலேயே காரோட்டிய துணிச்சலான பெண்மணி. கிரில் அவரிடம்தான் இருக்க வேண்டும்.

இவ்வளவு தப்பான கணக்கையும் யார் உதவியும் இல்லாமல் நானே போட்டேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

காலையில் மரியதாஸின் லோடு ஆட்டோவில் தாடிக்கொம்புக்குக் கிளம்பினோம். "அண்ணே, நாம ஒரு பக்கம் தேடுவோம், ஊரு ஒரு பக்கம் தேடட்டும். குரூப்ல எல்லாம் ஒரு மெசேஜ் போட்டுட்டேன்" என்றான். நல்ல யோசனை என்று முதுகில் தட்டிக்கொடுத்தேன். மெசேஜை வாங்கிப் படித்திருக்க வேண்டும்.

தாடிக்கொம்பில் மஞ்சள் பெயிண்டுக்காரர் அரிசிக்கடையில் உட்கார்ந்திருந்தார். மொட்டைக் காரில் மூட்டை ஏற்றியவராம். கூரை இல்லாததால் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் அடுக்கலாம் என்று சந்தோஷமாகச் சொன்னார். அவர் வாங்கும்போதே கிரில் கிடையாது. விற்றது கீரனூர்க்காரர், பழனிச்சாமி என்று பேர்.

மல்லிகாவைத் தெரியுமா என்று கேட்டேன்.

அவர் ஒரு தடவை கடைக்குள்ளே திரும்பிப் பார்த்தார். உள்ளே அவர் சம்சாரம் கல்லாவில் இருந்தார். "எனக்கு அப்படி யாரையும் தெரியாதப்பா" என்றார். என்னிடம் சொல்ல அவ்வளவு சத்தம் தேவையில்லை.

அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒட்டன்சத்திரம் தாண்டவில்லை, ஃபோன் வர ஆரம்பித்தது. முதலில் ஒரு பெண் குரல். என் வயசு என்ன என்று கேட்டது. சொன்னேன். கட்டாகிவிட்டது. அடுத்து ஓர் ஆண். தன் அம்மா பேர் மல்லிகா என்றும், எனக்கு என்ன வேண்டும் என்றும், தான் இப்போது எங்கே வர வேண்டும் என்றும் கேட்டான். நானே கட் பண்ணினேன். அப்புறம் என் பழைய வாடிக்கையாளர் ஒருவர். இந்த வயசில் ஒரு துணை தேடுவதில் தப்பே இல்லை, அவர் சித்தப்பாவும் செய்தார், நன்றாகத்தான் இருக்கிறார் என்று தைரியம் சொன்னார்.

ஆட்டோவை ஓரங்கட்டச் சொல்லி மெசேஜை வாங்கிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டு நான். கார் இல்லை. கீழே: 'நம்ம காயில்கட்டு அண்ணன் மல்லிகா என்பவரை மனதாரத் தேடி வருகிறார். தகவல் தெரிந்தவர்கள் உடனே தொடர்பு கொள்ளவும்.'

"காரு எங்கடா?"

"காரையும் சேத்து எடுத்தா உங்க மொகம் சின்னதாத் தெரிஞ்சுச்சுண்ணே."

அதற்குள் கோயம்புத்தூரிலிருந்து மகள் தமிழரசி. அவளுக்கு அதைக் காட்டியது அவள் மாமியாராம்.

"அப்பா, யாரு மல்லிகா?"

"தெரியலம்மா. அதத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

பிறகு, "பொங்கலுக்கு வாரேன்னு சொன்னேன்ல. வேணாம், இந்த ஞாயித்துக்கெழமையே வாரேன்" என்று வைத்துவிட்டாள்.

கீரனூர் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேருக்கும் முதுகெலும்பு கழன்றிருந்தது. டீக்கடையில் மொட்டைக் கார் என்றதும் வழி சொல்லிவிட்டார்கள். தென்னந்தோப்புக்குள் வீடு. வெளியே கட்டிலில் பழனிச்சாமி. எண்பதைத் தொட்ட ஆள், ஆனால் காரைப் பற்றிச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"அது இன்னும் உசுரோட இருக்குதுங்களா?"

கூரையை வெட்டிய புண்ணியவான் அவர்தான். ஜீப் இஞ்சினைப் போட்டதும் அவர்தான். பழனி ரோட்டில் பஸ்ஸை முந்திவிட்டு, எழுந்து நின்று கண்டக்டருக்குக் கும்பிடு போடுவாராம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னை மாதிரியே பிரித்துப் பிரித்துப் படித்த ஆசாமி. இஞ்சினை எப்படி உட்காரவைத்தார் என்று அவர் கட்டிலிலேயே தலையணைகளை அடுக்கிக் காட்ட, நாங்கள் இரண்டு கிழவர்களும் சின்னப் பிள்ளைகள் மாதிரி அதைச் சுற்றி வந்துகொண்டிருந்தோம்.

காரை யாரிடம் வாங்கினார் என்று கேட்டேன். கொடைக்கானலில் ஓர் எஸ்டேட்காரரிடம் என்றார். வாங்கும்போது கிரில் இருந்ததாம். தன்னிடம் இருந்தபோதுதான் ஒருநாள் எவனோ திருடிக்கொண்டு போய்விட்டானாம்.

இங்கே என் கணக்கு இடித்தது. எஸ்டேட்காரர் பேர் மல்லிகாவாக இருக்க முடியாது. நல்ல மனுஷனாக இருந்தால் அந்த இடத்தில் விட்டிருப்பேன். நான் காயில் கட்டுகிறவன். ஒரு சுற்று கணக்கில் தப்பினாலும் தூக்கம் வராது.

"அப்ப மல்லிகாங்கறது யாருங்க?" என்று கேட்டேன்.

அதே நேரம், மோர்த் தம்ளர்களோடு அவர் மனைவி நாச்சம்மாள் வெளியே வந்தார்.

பழனிச்சாமிக்கு இருமல் வந்தது. அது நிற்க நேரம் எடுத்தது. நின்றதும், தோப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எருமைங்க. அப்ப எங்ககிட்ட ஒரு எருமை இருந்துச்சுங்க."

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பேச்சை மாற்றலாம் என்று மோரை எடுத்தேன். ஆனால் நான் தனியாக வரவில்லையே.

"எருமை பேரச் சுத்தி மல்லிகப் பூவுல்ல வரஞ்சிருந்துச்சு, பெரியவரே" என்றான் மரியதாஸ்.

"நல்லாக் கறக்குமுங்க" என்றார் பழனிச்சாமி.

நாச்சம்மாள் தம்ளரை அவர் கையில் கொடுத்தார். என் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "ஏனுங்க, அந்தப் பேரு எந்தப் பெயிண்டுக்கு அடியில இருந்துச்சுங்க?"

பச்சைக்கு என்றேன்.

"அந்தப் பச்சைய அடிச்சதே நானுங்க. கண்ணாலமாகி வந்த மொத மாசம். ஒண்ணு மேல ஒண்ணா மூணு தடவ அடிச்சனுங்க. இப்ப எதுக்குங்க சுரண்டுனீங்க?"

பழனிச்சாமி வாயைத் திறந்தார். "நீ சாமி பேர எழுதோணும்னு, பக்தியில அடிச்சீன்னுல்ல நெனச்சேன்? இம்புட்டு வருசமா?"

"பக்திதானுங்க. அதான் உங்கள வீட்டுல வெச்சிருக்கறேன்."

நான் மோரைக் கீழே வைத்துவிட்டு, வருகிறோம் என்று எழுந்தேன். கிரில்லும் வேண்டாம், காரும் வேண்டாம், ஒரு குடும்பத்தைப் பிரித்த பாவம் மட்டும் வேண்டாம் என்றிருந்தது. அப்போதுதான் மரியதாஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

சமையல்கட்டுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குப் பக்கத்தில், இரண்டு கல்லுக்கு நடுவே படுத்துக்கொண்டு, கழுவின தட்டையெல்லாம் பல்லிடுக்கில் நிறுத்திக்கொண்டு, வெயிலில் பளபளவென்று சிரித்தது என் காரின் மூஞ்சி.

"அதுங்களா? நான்தான் கழட்டுனனுங்க" என்றார் நாச்சம்மாள். மூஞ்சி இல்லாத வண்டியை எடுத்துக்கொண்டு ஓர் ஆம்பிளை எந்தத் தெருப்பக்கமும் போகமாட்டார் என்று அவர் போட்ட கணக்கு அது. என் கணக்கு மாதிரி இல்லை, சரியாக வந்திருக்கிறது.

இத்தனை வருஷமாக இது இங்கேயா இருக்கிறது, உங்களுக்குத் தெரியாதா என்று பழனிச்சாமியைக் கேட்டேன். பதில் நாச்சம்மாளிடமிருந்து வந்தது.

"சமையக்கட்டுப் பக்கம் வந்தாத்தானுங்க தெரியும்."

கிரில்லைக் கேட்டேன். தருகிறேன், ஆனால் பானட்டில் என் பேரை எழுத வேண்டும் என்றார். வண்டிக்குப் பெயிண்ட் அடித்தது நான், மூஞ்சியைத் துலக்கியது நான், ஒரு தடவைகூட அதில் என் பேர் வரவில்லை என்றார். நியாயம்தான். ஆனால் பானட்டை நான் ஏற்கெனவே ஒருத்திக்குச் சொல்லிவிட்டேனே. என் சம்சாரம் பேருக்காகத்தான் இத்தனை அலைச்சலும் என்று சொன்னேன்.

"அவிங்க வரலீங்களா?"

போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றேன்.

நாச்சம்மாள் தொட்டிப் பக்கம் போய், தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். கிரில்லை முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தார். "அவிங்க பேரப் பெருசா எழுதுங்க. என் பேரக் கீழ சின்னதாப் போடுங்க. ஆனா பச்சையில போடுங்க."

ஆட்டோ கிளம்பும்போது பழனிச்சாமி தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார். வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தணிந்த குரலில், அந்தப் பேரை முழுசாகச் சுரண்டியாச்சா என்று கேட்டார். சுத்தமாகப் போய்விட்டது, இனிமேல் கவலையில்லை என்றேன்.

"நல்லதுங்க" என்றார். ஆட்டோ நகர்ந்த பிறகு, "பூவுமுங்களா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தமிழரசி வந்து இறங்கியபோது கார் வாசலில் நின்றது. புது ரத்தச் சிவப்பு. முன்னால் முழுப் பல்லும் தெரியச் சிரிக்கும் கிரில். தெருவே சுற்றி நின்றது. நான் ஆக்சிலேட்டரை மிதித்ததும் இரண்டு கொம்பும் உறும, எதிர்வீட்டுக் கோழிகள் மதிலேறிவிட்டன. இத்தனை வருஷத்தில் நான் அப்படிச் சிரித்ததில்லை என்று மரியதாஸ் சொன்னான்.

மகள் சிரிக்கவில்லை. பானட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மா பேரைத் தடவிப் பார்த்தாள். கண் கலங்கியது. அப்புறம் விரல் கீழே இறங்கியது.

"அப்பா, இது யாரு நாச்சம்மாள்?"

சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் அவள் கையிலிருந்த ஃபோன் மணியடித்தது. மரியதாஸ் குரூப்பில் மெசேஜ் போட்டிருக்கிறான். இந்தத் தடவை காரும் இருக்கிறது, ஸ்டியரிங்கில் நானும் இருக்கிறேன், பானட்டில் இரண்டு பேரும் தெளிவாகத் தெரிகிறது. அவள் சத்தமாகவே படித்தாள்.

'மல்லிகாவைத் தேடிய அண்ணனுக்கு நாச்சம்மாள் கிடைத்துவிட்டார். ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.'

நண்பர்களே, பழைய வண்டி வாங்கினால் இஞ்சினை எவ்வளவு வேண்டுமானாலும் பிரியுங்கள். பெயிண்டை மட்டும் சுரண்டாதீர்கள்.