கொத்துரொட்டிக் கடையில் தேர்வான பெட்டி

கொத்துரொட்டிக் கல்லில் கம்பி ஒட்டிப் பார்த்து மருத்துவமனைக்குக் கருவி வாங்கிய மனிதர் பாரிஸில் ஒருவர்தான், உலகத்திலும் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அவருடைய சொந்தப் பெயரை நாங்கள் மறந்தேவிட்டோம். 'ஒரேநேரம் அண்ணை' என்றால்தான் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் தெரியும்.

நான் கொள்முதல் பிரிவில் இருந்த மருத்துவமனையில் அவர் பொறியாளர். புற்றுநோய்க் கட்டிகளுக்குக் கதிர் பாய்ச்சும் முடுக்கி இயந்திரம் அவர் பொறுப்பு. அது சில வாரங்களாகச் சிகிச்சையின் நடுவில் சட்டென்று நின்றுகொண்டிருந்தது. ஏனென்று யாருக்கும் பிடிபடவில்லை. பாதியில் இறக்கிவிடப்பட்ட ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, "தம்பி, நான் அசைஞ்சுபோட்டனோ?" என்று அவரிடம் கேட்டாராம். அண்ணைக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இயந்திரத்தின் மின்னழுத்தம், வெப்பம், குளிர்நீர் ஓட்டம் எல்லாவற்றையும் சேர்த்துப் பதியும் பெட்டி ஒன்று வாங்க அனுமதி கிடைத்தது. ஒன்றே ஒன்றுதான். தேர்வு பிழையானால் இயந்திரம் நின்றுகொண்டேயிருக்கும், நோயாளிகள் திரும்பிப் போய்க்கொண்டேயிருப்பார்கள். எங்கள் பிரிவுத் தலைவி அறுபத்துநாலு சனல், அதாவது அறுபத்துநாலு அளவுக் கம்பி பூட்டக்கூடிய, பெரிய பெட்டியில் மயங்கிக் கிடந்தார். அண்ணையோ பதினாறு சனல் சின்னப் பெட்டி ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். யார் விற்க வந்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான். "எல்லாச் சனலையும் ஒரே நேரத்திலை பாக்குமோ?"

"கூடச் சனல் இருந்தால் நல்லதுதானே அண்ணை?" என்றேன்.

"கலியாண வீட்டிலை ஒரே கமெராக்காரன். தாலி கட்டுறதை எடுத்துப்போட்டு ஓடிப்போய்ச் சமையலறையையும் எடுக்கிறான். எது முதல் நடந்ததெண்டு ஆருக்குத் தெரியும்? எனக்கு இடத்துக்கொரு கமெராக்காரன் வேணும்."

தலைவி மசியவில்லை. உடனே அண்ணை அவரையும் இரண்டு விற்பனையாளர்களையும் பெட்டிகளோடு லா சப்பல் கொத்துரொட்டிக் கடைக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டார்! கடைச் சமையலறையில் கல்லின் வெப்பம், பிரிட்ஜின் மின்சாரம், விளக்கின் வெளிச்சம் என்று கிடைத்ததிலெல்லாம் இரண்டு பெட்டிகளின் கம்பிகளையும் ஒட்டினார். கொத்துத் தகடுகள் தடதடத்தன. கடை முதலாளி தலையில் கைவைத்தார்.

"அண்ணை, சாப்பிட வந்தனீங்களோ, கடையைக் கொளுத்த வந்தனீங்களோ?"

"ஓம், இரண்டுக்கும்தான். கொஞ்சம் பொறும்!"

பிரிட்ஜ் உறுமியது, விளக்கு ஒருகணம் மங்கியது. பெரிய பெட்டி, விளக்கு மங்கிய பிறகுதான் பிரிட்ஜ் ஓடத் தொடங்கியது என்று சாதித்தது. சின்னப் பெட்டி ஒழுங்குமுறையாக, முதலில் பிரிட்ஜ், பிறகு விளக்கு என்றது. தங்கள் பெட்டி ஒவ்வொரு சனலாகச் சுற்றித்தான் பார்க்கும் என்று பெரிய பெட்டிக்காரர் காரத்தில் கண்ணீர் விட்டபடி ஒப்புக்கொண்டார். தலைவி இன்னொரு தட்டுக் கொத்துக்குச் சொல்லிவிட்டு, பதினாறே போதும் என்றார்.

சின்னப் பெட்டி வந்த வாரமே இயந்திரம் மறுபடி நின்றது. இந்த முறை அகப்பட்டுக்கொண்டது. எல்லாவற்றுக்கும் முன்னால், கண் இமைக்கும் நேரத்துக்குக் குளிர்நீர் குறைந்திருந்தது. ஒரு தேய்ந்த வால்வு! அதை மாற்றினார்கள், இயந்திரம் நிற்பது நின்றது.

பிறகு மதிய இடைவேளைகளில் அண்ணையைக் காணவில்லை. தேடிப் போனால், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஒரு மூலைக் கதிரையில் இருக்கிறார்.

"இஞ்சை என்ன செய்யிறியள்?"

"சும்மாதான். உள்ளை போற ஆக்கள் சொன்ன நேரத்துக்கு வெளியிலை வருகினம். பாத்துக்கொண்டிருக்கிறன்."

இந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. நானும் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.