நீக்கிய பகுதிகளின் பட்டியல்

மகளை வீட்டிலேயே படிக்க வைப்பது என்று தையற்காரர் முடிவு செய்தார். அப்போது அதுதான் நாகரிகம். பள்ளிக்கூடம் போனால் பிள்ளை கெட்டுவிடும் என்று அளவு கொடுக்க வந்த நாலு பேர் சொன்னார்கள். ஐந்தாவது ஆளுக்கு இவரே சொன்னார்.

இல்லக் கல்வி அலுவலகம் அனுமதி அளித்தது. ஆனால் பதினைந்து வயதுப் பெண் சரித்திரத்தைக் குடும்பப் பாங்கான நற்கதைகளின் வாயிலாகவே பயில வேண்டும். ஆண்டுத் தேர்வில் தவறினால் பள்ளிக்கே திரும்ப வேண்டும், அதுவும் இரண்டு வகுப்பு கீழே. தம்பியோடு ஒரே பெஞ்சில் உட்காருவதை நினைத்தாலே பெண்ணுக்கு அழுகை வந்தது.

தையற்காரர் சரித்திரக் கதைகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு அதிகாரியிடம் போனார்.

"இதுல தம்பி அண்ணனுக்கு விஷம் வைக்கிறான். குடும்பப் பாங்கா இல்லையே" என்றார் அதிகாரி.

"அண்ணன் தம்பின்னாலே குடும்பம்தானே சார்?"

"விஷம் வரைக்கும் குடும்பம். விஷத்தை வெட்டிடுங்க."

வெட்டுவதற்குத் தையற்காரருக்கா சொல்லித்தர வேண்டும்? போர் போயிற்று. பஞ்சம் போயிற்று. இரண்டாவது ராணி வேரோடு போனாள். முந்நூறு பக்கத்தில் பதினொரு பக்கம் மிஞ்சியது. அதில் அரசர் எழுந்தார், குளித்தார், எல்லோரையும் நலம் விசாரித்தார். தையற்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், அவர் வீட்டுக் கூடத்தின் நடுவே ஒரு சுவர். அந்தப் பக்கம் அவருடைய அண்ணன். பன்னிரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

ஆனால் படிவம் ஏழு என்று ஒன்று இருந்தது. நீக்கிய பகுதிகள் அனைத்தையும் முழுமையாக, இடமும் காரணமும் குறித்து, மூன்று நகல்கள் கையால் எழுதித் தர வேண்டும்.

"என் எழுத்து கோழிக் கிறுக்கல். நீயே எழுதிடு பாப்பா" என்றார் அப்பா.

பாப்பா எழுதினாள். விஷத்தை மூன்று தடவை, போரை மூன்று தடவை, இரண்டாவது ராணியைக் கை வலிக்க வலிக்க மூன்று தடவை.

தேர்வன்று அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். "இந்த வம்சம் ஏன் அழிஞ்சது?" என்று அதிகாரி கேட்டார். விஷத்தில் தொடங்கி இரண்டாவது ராணி வரை பெண் மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

"பார்த்தியா, நற்கதைகளோட மகிமை!" என்று பூரித்துப்போன அதிகாரி, எல்லாப் பிள்ளைகளும் அந்தப் பதினொரு பக்கத்தையே படிக்க வேண்டும் என்று அங்கேயே ஆணை எழுதினார். பிறகு கதவைச் சாத்தினார்.

"ஏம்மா, பட்டியலோட ரெண்டாம் பாகம் எப்ப வரும்? அந்த ராணி தப்பிச்சாளான்னு வீட்ல கேட்டு உயிரை வாங்குறாங்க."

அடுத்த ஆண்டுப் பாடம் சொந்தக் குடும்ப வரலாறு. அதற்கும் படிவம் ஏழு உண்டு.

அன்று மாலை மகள் நீட்டிய படிவத்தைத் தையற்காரர் படித்தார். நீக்கிய பகுதி: பெரியப்பா. இடம்: கூடத்துச் சுவர். காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

பேனாவை எடுத்தார். ஏதோ ஏணி விஷயம். யாரோ ஏதோ சொன்னார்கள். யார்? என்ன? அடித்து அடித்து எழுதிப் பார்த்தார், ஒன்றும் நிற்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"இன்னொரு நகல் எங்கே?"

"பெரியப்பாகிட்ட கொடுத்திருக்கேன்."

"அவரு என்ன காரணம் எழுதினாரு?"

"உங்களை மாதிரியே பேனா மூடியைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காருப்பா."

"மூணு நகல் வேணுமே?"

"மூணாவதை அதிகாரியே வெச்சுக்கிட்டாரு. அவருக்கும் ஒரு தம்பி இருக்காராம்."