மோட்டார் ஜோசியரின் துண்டு

மனுஷருக்கு ஜாதகம் பார்க்க ஊருக்கு நூறு பேர் உண்டு. மோட்டாருக்கு ஜாதகம் பார்த்தவர் தேனி ஜில்லாவிலேயே ஒருவர்தான். இன்ஜினியரிங் காலேஜ் விடுதியில் அவரோடு ஒரே அறையில் இருந்தது எனக்குக் கிடைத்த பாக்கியம், கொஞ்சம் தண்டனையும்கூட. வேலையை விட்டுவிட்டு எம்.இ. படிக்க வந்தவர், எங்கள் வகுப்பிலேயே மூத்தவர். விடுதி மொத்தமும் அவரை மோட்டார் ஜோசியர் என்றது.

நிலைக்காந்தம் வைத்த மோட்டாரை ஓட்டுவது அவருடைய ஆராய்ச்சி. "மோட்டாருக்குக் கரண்ட் விடுற மூணு சுவிட்ச எட்டு விதமாப் போடலாம் தம்பி. எதப் போட்டா மோட்டார் என்ன செய்யும்னு கண்ணு சிமிட்டுறதுக்குள்ள முன்னாடியே கணிச்சு, நல்லதா ஒண்ணப் போடணும். அம்புட்டுதான்."

மோட்டாரோடு நிறுத்தியிருக்கலாம். மெஸ் மாஸ்டர் பக்கத்தில் வந்தாலே, "சாம்பார் தீந்துருச்சுன்னுதான சொல்லப் போறீக? ரசமே ஊத்துங்க" என்பார். மாஸ்டர் கையில் இருப்பதே சாம்பார் வாளிதான். சொல்வானேன் என்று திரும்பிப் போய்விடுவார்.

கம்ப்யூட்டரில் சொன்னபடி கேட்ட மோட்டார், லேப் மேசைக்கு வந்ததும் குளிர்காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கியது. திங்கட்கிழமை மதுரையிலிருந்து தேர்வாளர் வருகிறார். மோட்டார் ஓடாவிட்டால் பட்டம் இல்லை. மனிதர் சாப்பாட்டையே மறந்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமை, உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு அவரை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

தேனி பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்கும்முன்பே சன்னல் வழியாகத் துண்டு போட்டால்தான் உட்கார இடம். உத்தமபாளையம் வழியாகப் போகும் கம்பம் பஸ் உள்ளே நுழைந்தது. ஜோசியர் காலிச் சீட்டைக் குறிபார்த்து எறிந்தார். துண்டு போய்ச் சேர்வதற்குள் அந்தச் சன்னல் தாண்டிவிட்டது. அடுத்த சன்னலில் புகுந்து ஒரு பெரியவரின் வழுக்கையில் விழுந்தது.

"அண்ணே, சன்னல் இப்ப எங்கன இருக்குன்னு பாக்காதீக. துண்டு போய்ச் சேர்றப்ப எங்கன இருக்கும்னு பாத்து எறிங்க" என்றேன்.

அப்படியே நின்றுவிட்டார். "ஏலே, நான் கணக்குப் போட்டு முடிக்கிறதுக்குள்ள மோட்டாரும் நகந்துருதுல்ல? அது தாண்டிப் போன இடத்துக்குல்ல சுவிட்சு போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். இன்னும் ஒரு படி முன்னாடி கணிக்கணும்டா."

சொல்லிக்கொண்டே லேபுக்கு ஓடினார். துண்டு மட்டும் கம்பம் போனது.

திங்கட்கிழமை மோட்டார் நடுங்காமல் ஓடியது. தேர்வாளர் கேள்வியை முழுதாகக் கேட்டு முடிக்கும்வரை ஜோசியர் வாய் திறக்கவில்லை. அந்தக் காட்சியை நான் அதற்குமுன் கண்டதில்லை.

பட்டம் வந்தது, கோயம்புத்தூரில் வேலையும் வந்தது. அவர் கிளம்பிய அன்று அதே பஸ் ஸ்டாண்டில் புதுத் துண்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முதல் எறியிலேயே இடம் பிடித்தார். நான் பேச வாயெடுப்பதற்குள் சன்னலில் தலையை நீட்டி, "போயிட்டு வாங்கண்ணேன்னுதான சொல்லப் போற?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். போகாதீகண்ணே என்றுதான் சொல்ல வந்தேன்.